பெயின்ட் மாமாவின் ஜீப்

அறுபதுகளில் கோலார் தங்கவயலுக்கு வந்து இறங்கிய பெயின்ட்டில் பாதி, பெயின்ட் மாமாவின் ஜீப் மேல்தான் இருந்தது.

பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப் அது. சாம்பியன் ரீப்ஸிலிருந்து பூதிகோட்டை சந்தைக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிப் போவார். அவர் வீட்டில் அடுப்பு எரிய அது ஒன்றுதான் வழி. காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டின் புழுதி வந்து படியும். மழை பெய்தால் அது ஊறி இரும்பைத் தின்னும். மற்றவர்கள் டிங்கரிடம் கொடுத்துத் துருவை வெட்டியெடுத்துத் தகடு வைப்பார்கள். மாமா ஓட்டை விழுந்த இடத்தில் சாக்குத்துணியை ஒட்டி, அதன்மேல் பச்சை பெயின்ட் அடிப்பார்.

"உள்ள துரு அப்படியே கீதே மாமா?" என்றேன் ஒருநாள்.

"மேல பெயின்ட் கீது, கீழ பெயின்ட் கீது. நடுவுல இன்னா கீதுன்னு உனக்கு இன்னாத்துக்குபா?"

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து, கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் மேலே வந்து ஜீப்பில் ஏறுகிறவர்கள் அதன் தரை ஓட்டையில் ரோடு ஓடுவதைப் பார்த்து, "இது எந்த லெவல் வரைக்கும் போவுது மாமா?" என்பார்கள்.

"கேஜ்ல பாதாளத்துக்குப் போறவனுக்கு இந்த ஓட்டையப் பார்த்து பயமா? காலைத் தூக்கினு குந்துடா!"

வண்டி ஓடத் தகுதியானதா என்று இன்ஸ்பெக்டர் பார்க்கும் நாள் வந்தது. மாமா என்னைத் தேடி வந்தார். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் நான் ஒருவன்தான் பி.ஏ.

"உம் மூஞ்சில பொய் தெரியாது. முன் சீட்ல குந்தி, புதுசா ஒட்டின சாக்கு மேல காலை வெச்சுக்கோ. கால் சுளுக்கு, இறங்க முடியாதுன்னு சொல்லு. அவ்ளோதான்."

கோலாரில் இன்ஸ்பெக்டர் மட்கார்டைத் தட்டும்போதெல்லாம், சத்தம் கேட்காதபடி மாமா பலமாக இருமினார். எல்லாம் முடிகிற நேரத்தில் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "இளீரி" என்றார். கன்னடத்தில் இறங்குங்கள் என்று அர்த்தம்.

பள்ளியிலும் கல்லூரியிலும் அத்தனை வருடம் நான் ஒழுங்காகக் கற்றது, சொன்னபடி கேட்பது ஒன்றைத்தான். சொன்னதும் இறங்கிவிட்டேன். சுளுக்கிய காலை முதலில் ஊன்றி, சுறுசுறுப்பாக.

இன்ஸ்பெக்டர் ஏறினார். மறுகணம் சாக்கு கிழிந்து, அவருடைய ஒரு கால் ஜீப்பிலும் மற்றது கோலார் மண்ணிலும் இருந்தது. மாமா மெதுவாகச் சொன்னார்:

"பெயின்ட் இன்னும் காயல சார்."

அதோடு வண்டியின் ஓட்டம் நின்றது. மாமா கடைத்தெருவில் மூட்டை தூக்கப் போனார். நான் அவர் வீட்டுப் பக்கமே தலைகாட்டாமல் சுற்றுவழியில் நடந்தேன். கடைசியில் மாரிகுப்பம் ரயில் ஸ்டேஷனில் பிடித்துவிட்டார்.

"இன்னாபா, ஒளிஞ்சினு திரியற? சாக்கை மிதிச்சினே இருந்து புள்ளைக்குக் கால் மரத்துப்போச்சு, பாவம், இறங்காம இன்னா பண்ணுவான்னு லைன் பூரா சொல்லி வெச்சிருக்கேன். தைரியமா வா."

கால் மரத்துப்போகவில்லை மாமா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தத் தீபாவளிக்கும், கொல்லையில் கோழிகள் அடைந்துகிடந்த ஜீப்புக்கு மாமா பச்சை பெயின்ட் அடித்தார்.

இப்போதும் எந்த வண்டியில் ஏறினாலும், அன்று சாக்கை மிதித்திருந்த என் வலது கால் தரையை அழுத்திக்கொள்கிறது. "வீடு வந்துடுச்சு, இறங்குங்க தாத்தா" என்று பேரன் சொன்னாலும், அதை எடுக்க எனக்குச் சற்று நேரமாகிறது.