வீரபாகு கேட்ட வாக்கு

அன்று குடியாத்தம் நெசவுத் தெருவில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள். முனிசிபல் தேர்தலுக்கு நின்ற வீரபாகு. மனைவி காலமாகிப் பல வருஷங்கள் ஆகியும் அங்கவஸ்திரத்தின் மடிப்புக் கலையாத மனிதர். தாம்பாளம் சுமந்து வந்த அவருடைய ஒரே மகன் நந்தகோபால். துணைக்கு வந்த தோல் வியாபாரி இஷ்தியாக் அகமது. ஆறு தறிகளுக்குச் சொந்தக்காரியான தனபாக்கியம் அம்மாள். வீரபாகுவை எதிர்த்து நின்ற ஒரே ஆள் பொன்னுரங்கம். அவர் மகள் அம்சவேணி கதவுக்குப் பின்னால் இருந்தாள், அவளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புறப்படும்போதே ஒரு சிக்கல். வீரபாகுவின் வாயில் ஓட்டு என்ற சொல் வரவில்லை.

“ஓட்டுக் குடுங்கன்னா, திருவோட்டைக் கையில புடிச்சிக்கினு நிக்கிற மாதிரி இருக்குது பாய். எங்க வீட்ல யாரும் போய்க் கேட்டதில்ல.”

“கேக்காம எவன் போடுவான் தோஸ்த்?”

“கேக்கறேன். நல்ல தமிழ்ல கேக்கறேன். வாக்குக் குடுங்கன்னு கேக்கறேன்.”

வாக்கு மாறாத வீடு என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர். அந்தப் பெயர் போவதைவிடத் தேர்தல் போகட்டும் என்பார் வீரபாகு. வெறுங்கையோடு ஒரு வாசலில் நிற்பதும் அந்த வீட்டு வழக்கமில்லை. ஆகவே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. பாயின் கையில் தோல் வாடை இருக்கும் என்பதால் அது மகன் கையில் இருந்தது.

முதலில் தனபாக்கியம் அம்மாள் வீடு. தகப்பனார் விட்டுப்போன தறிகளைக் காப்பாற்றுவதில் தன் கல்யாணத்தைக் கவனிக்காமல் விட்டவர். வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே ஓட்டு என்ற வெள்ளைக்காரன் சட்டப்படி அவருக்கும் ஓட்டு உண்டு. பாய் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“தனபாக்கியம், உன் வாக்கு எனக்குத்தான்னு சொல்லணும்” என்றார் வீரபாகு.

தறிச் சத்தம் நின்றது. அம்மாள் தட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“இன்னா மாமா, திடீர்னு?”

“திடீர்னு இல்ல. ரொம்ப நாளா மனசுல இருந்ததுதான். யோசிச்சிச் சொல்லு.”

“யோசிக்க இன்னா இருக்குது?” தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், வேறொரு தட்டில் வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். “குடுத்துட்டேன் மாமா. நானும் வாக்கு மாற மாட்டேன்.”

தெருவில் இறங்கியதும் வீரபாகுவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. “பாத்தியா பாய்? மரியாதையா கேட்டா மரியாதையா கெடைக்குது.”

அடுத்தது பொன்னுரங்கம் வீடு.

“எதிராளி வூட்டுக்கா?” என்றார் பாய்.

“ஒரு வாசலைத் தாண்டிப் போனா, பயந்துட்டான்னு பேசுவாங்க.”

இன்னொரு தாம்பாளம் தயாரானது. “மச்சான், உங்க வீட்டு வாக்கு எங்க வீட்டுக்கு வேணும்” என்றார் வீரபாகு. தட்டை நீட்டிய நந்தகோபாலுக்குக் காது வரை சிவந்தது.

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “எதிர்ல நிக்கிறவன்னு பாக்காம என் வாசலுக்கு வந்து கேக்கறியே மச்சான். எனக்குச் சம்மதம்.”

மஞ்சளும் தேங்காயும் வைத்த தட்டு பதிலுக்கு வந்தது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

தெருமுனை வரை யோசித்துக்கொண்டே வந்த பாய் நின்றார். “தோஸ்த், எதிர்ல நிக்கிறவன் எதுக்கு உனக்கு ஓட்டுப் போடறான்? மஞ்சள், தேங்கா, தட்டு மாத்திக்கினீங்க. எங்க ஆளுங்களுக்கே தெரியும், இது நிச்சயதார்த்தம்.”

வீரபாகு தட்டைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் ஆகாயத்தைப் பார்த்தான்.

“பாய், நீயே போய்ப் பக்குவமா சொல்லிட்டு வா.”

பாய் போனார். போன வேகத்தில் திரும்பினார். பின்னாலேயே பொன்னுரங்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

“பொண்ணு வேணாம், ஓட்டு மட்டும் போதும்னு சொல்லி அனுப்பினியாமே? வாக்கு மாறாத வூடா இது?”

“யாரு வேணாம்னது?” என்றார் வீரபாகு அவசரமாக. “பாய்க்குத் தமிழ் சரியா வராது. நிச்சயம் பண்ணது பண்ணதுதான்.”

பிறந்தது முதல் அதே ஊரில் தமிழ் பேசிய பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “எங்க யாவாரத்துல துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சே வெலை பேசிடுவோம். வாயைத் தொறக்கறதில்ல. பேஜார் கம்மி” என்று முணுமுணுத்தார்.

பொன்னுரங்கம் வேட்டியை இறக்கி விட்டார். “அப்போ சம்பந்திக்கு எதிரா நிக்கறது அழகில்ல. இன்னிக்கே வாபஸ் வாங்கிக்கறேன்.”

இப்படியாக ஒரு ஓட்டும் விழாமல் தேர்தலில் ஜெயித்தாயிற்று. மருமகளும் கிடைத்தாள். வீரபாகு பெருமூச்சு விடுவதற்குள் பாய் கேட்டார்: “அந்தத் தனபாக்கியம் அம்மா வூட்டுத் தட்டு?”

அதுவும் மாற்றிய தட்டுதான். இருப்பதோ ஒரு மகன். உறவில் ஏதோ ஒரு பெண்ணை மனதில் வைத்துத்தான் அந்த அம்மாள் வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். வாக்கு மாறாத வீடு என்ற பெயர் இன்று பொழுது சாய்வதற்குள் போய்விடும். வீரபாகு முதல்முறையாகக் குனிந்த முதுகோடு அந்த வாசலில் ஏறினார்.

அம்மாள் புதுப்புடவை உடுத்தியிருந்தார். வீரபாகு தட்டில் கொடுத்த பூ தலையில் இருந்தது.

“மன்னிச்சிக்கணும் தனபாக்கியம்” என்று தட்டை நீட்டினார் வீரபாகு. “நந்தகோபாலுக்குப் பொன்னுரங்கம் பொண்ணை நிச்சயம் பண்ணிட்டேன். நீ எந்தப் பொண்ணை நெனச்சி வாக்குக் குடுத்தியோ…”

அம்மாள் தட்டை வாங்கவில்லை.

“நந்தகோபாலுக்கு எங்க வேணா முடிங்க மாமா. இந்த வூட்ல என்னை விட்டா வேற யாரு இருக்கா?”

வீரபாகு வாக்கு மாறினார் என்று வாலாஜாபேட்டை வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பொய். தை மாதம் ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடந்தது.