செல்லத்துரையின் இடது காது

நாவற்குடா.

அன்பு மச்சான் உதயரூபனுக்கு,

இங்கு நானும் உன் அக்கா அன்னப்பூரணியும் சுகம். குருக்கள்மடத்தில் நீயும் பிள்ளைகளும் அம்மன் காவலில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்பி எழுதிக்கொள்வது. கையில் போன் இருக்கிற காலத்தில் அத்தானுக்குக் கடிதம் எழுதும் கிறுக்கு ஏன் பிடித்தது என்று யோசிப்பாய். போன் உன் அக்காவின் கையில் இருக்கிறது. நான் சொல்ல வருவதோ அவளைப் பற்றி. வாசித்து முடித்தவுடன் உன் லொறியை எடுத்துக்கொண்டு வந்து, ஹஜ்ஜுப் பெருநாள் முடியும்வரை அவளைக் கொண்டுபோய் உன் வீட்டில் வைத்திரு. எங்களுக்குள் சண்டையோ என்று பதறாதே. ஒரு ஆட்டுக்காக நாங்கள் இருவரும் அம்மனைப் படுத்துகிற பாடு எனக்கே தாங்கவில்லை.

காத்தான்குடி ஆதம்பாவாவை உனக்குத் தெரியும். நான் நீர்ப்பாசன ஓவசியராக இருந்த நாளில் அவருடைய வயல் வட்டைக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, அவர் வயல் வரம்பிலேயே குந்தியிருந்து அவர் கொண்டுவந்த சோற்றைத் தின்றவன். பிறகு தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பகைத்துக்கொண்ட கெட்ட காலத்தில் அவர் இங்கே வரவில்லை, நானும் அங்கே போகவில்லை. நடுவில் இருப்பது சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். அதைக் கடக்க எங்கள் இருவருக்கும் தலை நரைக்க வேண்டியிருந்தது. போன வருடம்தான் திரும்பவும் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிக்கத் தொடங்கினோம். அந்த மனிதர் இந்த மாதம் ஒரு கடாவை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். “ஓவசியர், பெருநாள் வரைக்கும் இது உங்கட வளவில நிக்கட்டும். எங்கட ஊட்டில இடமில்ல. குர்பானுக்கு அறுக்க வாங்கினது. காதில ஒரு துண்டு போனாலும், கால் நொண்டினாலும் குர்பானுக்குக் கூடாது. உங்கள நம்பித்தான் உட்டுட்டுப் போறன்” என்றார். மச்சான், பென்சன் எடுத்த பிறகு என்னை நம்பி ஒருவரும் ஒரு குடையைக்கூடத் தந்ததில்லை. ஓம் என்று சொல்லி, கயிற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் கோயிலில் இப்போது வைகாசிச் சடங்கு நடக்கிறதல்லவா, வீட்டில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. ஆட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான வீடு கிடையாது என்று ஆதம்பாவா நினைத்திருப்பார். உன் அக்காவை அவர் யோசிக்கவில்லை. வந்த மறுநாளே கடாவுக்குச் செல்லத்துரை என்று பெயர் வந்துவிட்டது. வாழைப்பழம் செல்லத்துரைக்கு, தோல் எனக்கு என்கிற நிலை. கோயிலில் பூசை செய்கிற கட்டாடியாரிடம் போய்ச் செல்லத்துரை பேருக்கு அருச்சனை வேண்டும் என்றாள். அவர் “என்ன நட்சத்திரம்?” என்று கேட்க, இவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், ஏதோ நான்தான் அதைப் பெற்றவன்போல. பிறகு கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள்: “தாயே, பெருநாளுக்கு முன்ன அவனுக்கு ஒரு குறையக் குடு. நோகாத குறையாக் குடு.” பக்கத்தில் நின்ற நான், “தாயே, அந்தக் காதக் காப்பாத்து, என்ட சொல்லக் காப்பாத்து” என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே கற்பூரத்துக்கு இரண்டு விண்ணப்பம். அம்மன்தான் என்ன செய்வாள்?

“அது ஆதம்பாவாட வணக்கம், அன்னம். அதில நாம கை வைக்கப்படாது” என்று வீட்டில் வைத்துச் சொன்னேன். “நான் எங்க கை வெச்சன்? கேட்டுத்தானே பாத்தன்” என்கிறாள். போதாததற்கு ஆதம்பாவாவின் மனைவி நஸீறா தினமும் போன் எடுக்கிறாள். இருவரும் குசுகுசுக்கிறார்கள். என்ன கதை என்று கேட்டால் “வட்டிலப்பம் செய்யிற விதம்” என்று பதில். வட்டிலப்பத்துக்கு ஏன் மச்சான் மூக்கைச் சிந்த வேண்டும்? எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நுவரெலியாக் குளிருக்குப் போக வாங்கிய என் கம்பளித் தொப்பியை, காது இரண்டும் உள்ளே இருக்கும்படி செல்லத்துரைக்கு மாட்டிக் கட்டியிருக்கிறேன். வீதியில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் காதில் என் மானம் கிடக்கிறது. காது போனால் ஆதம்பாவா திரும்பவும் வராமல் விட்டுவிடுவார். இன்னொரு தடவை காத்திருக்க எங்களுக்கு வயது இல்லை.

ஆகவே தாமதிக்காமல் வா. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லாரும் நோய்நொடியில்லாமல் வாழ அம்மன் துணை. அவளுக்கு என் வீட்டு வேலை முடிந்து நேரம் இருந்தால்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
அழகரத்தினம் (இளைப்பாறிய ஓவசியர்)

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் வளவில் ஒரு கதறல். தொப்பி முள்ளுக்கம்பியில் மாட்ட, செல்லத்துரை வெருண்டு தலையை இழுக்க, தொப்பியோடு இடது காதின் நுனியும் போய்விட்டது. அம்மன் உன் அக்காவின் பக்கம். ஆனால் வேலையை என் தொப்பியைக் கொண்டு முடித்துக்கொண்டாள். “நோகாத குறை எண்டுதானே கேட்டன்” என்று அக்கா அழுதழுது மஞ்சள் பூசினாள். நான் காத்தான்குடிக்குச் சைக்கிள் மிதித்துப் போய் நடந்ததைச் சொன்னேன்.

ஆதம்பாவா வந்து காதைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். “இது ஓவசியர்ர தொப்பியா?” என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “நீங்களே வந்து செல்லினீங்களே, அது போதும். இடமில்ல எண்டு நான் செல்லினதுதான் பொய். நஸீறா இதுக்குச் சுல்தான் எண்டு பேரு வெச்சிட்டா. அங்க வெச்சா அறுக்க உடமாட்டா எண்டுதான் இஞ்ச கொண்டந்தன்” என்றார். வட்டிலப்பம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

செல்லத்துரை, சுல்தானாக, நஸீறாவிடம் போய்விட்டான். குர்பானுக்கு ஆதம்பாவா வேறு கடா வாங்கிவிட்டார். அது இப்போது எங்கள் முருங்கை மரத்தில் கட்டி நிற்கிறது. “உங்களத் தவிர வேற யார நம்பி உட?” என்று சொல்லிக் கயிற்றை என் கையில் தந்தார். வாங்கும்போது, மச்சான், நான் அழுதுவிட்டேன்.

இதை எழுதுகிற நேரம் உன் அக்கா குசினிக்குள்ளிருந்து கேட்கிறாள்: “என்னங்க, இவனுக்கு என்ன பேர் வைப்பம்?”

உடனே வா. லொறியோடு வா.