பீஸ்கட்டை அக்காவும் இரண்டு கிட்டாரும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு தெருவையே நட்டநடுப் பகலில் வேர்க்கவைக்கும் சக்தி இரண்டே இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒன்று சித்திரை வெயில். இன்னொன்று பீஸ்கட்டை அக்கா.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. தென்காசி சாலையில் மிக்சி, கிரைண்டர், மைக் செட் எல்லாம் பழுது பார்க்கும் கடை. வயது நாற்பத்தைந்து இருக்கும். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், முதலில் மெயின் போர்டைத் திறந்து பீஸ்கட்டையைப் பிடுங்கித் தன் தோல்பையில் போட்டுக்கொள்வார். வேலை முடியும்வரை வேறு யாரும் கரண்டைப் போட்டுவிடக் கூடாதாம். நல்ல பழக்கம்தான். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க மறந்துவிடுவார் என்பதுதான் சங்கடம்.

ஒருமுறை தேவதானத்தில் ஒரு சம்சாரியின் தோட்டத்துப் பம்ப்செட்டைச் சரிசெய்துவிட்டு, மூன்று பீஸ்கட்டைகளோடு பஸ் ஏறிவிட்டார். அந்த மனிதர் பைக்கில் துரத்திவந்து, சேத்தூரில் பஸ்ஸை மறித்து, "யக்கா, எங் கரண்டக் குடுத்துட்டுப் போங்க!" என்று கத்தியிருக்கிறார். கண்டக்டர் அக்காவைப் பார்த்து, "ஒங்களுக்குத்தான டிக்கெட் போட்டேன்? கரண்டுக்கு யாரு எடுப்பா?" என்றாராம்.

எதைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது, "எத்தன ஓம்?" ஸ்பீக்கரின் மின்தடையை அளக்கும் கணக்கு அது. ஒரு கோயிலில் குழாய் ஸ்பீக்கர் மாட்டப்போன இடத்தில் அர்ச்சகரிடமே கேட்டிருக்கிறார். அவர் கண்ணை மூடி, "நூத்தியெட்டு சொன்னா விசேஷம்மா" என்றார்.

இவரிடம் நான் மாட்டிக்கொண்டது கிட்டாரால்.

அப்போது நான் பஞ்சாலை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பேன். குழுவில் இன்னொரு கிட்டார்க்காரர் கணேசன். அவர் போலீஸ் கான்ஸ்டபிள். அவர் வால்யூமைக் கூட்டினால் குறைக்கச் சொல்ல ஆள் கிடையாது. எங்களிடம் ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. ஸ்பீக்கர் பெட்டி மட்டும் ஒன்றே ஒன்று. இன்னொன்றை ஏற்ற எங்கள் குட்டியானை வண்டியில் இடமில்லை.

எங்கள் யோசனை எளிமையானது. இரண்டு ஆம்ப்பின் ஒயரையும் ஒன்றாக முறுக்கி அந்தப் பெட்டியில் சொருகிவிடுவது. அப்படி முறுக்கிய ஒயரோடு அக்காவின் கடைக்குப் போனோம், ஈயத்தால் பற்ற வைத்துக் கொடுக்கச் சொல்லி. ஒயரைப் பார்த்ததும் அக்கா அதைப் பிடுங்கி, கட்டிங் பிளேயரால் நான்கு துண்டாக வெட்டிப்போட்டார்.

"ஏலே, ரெண்டு ஆம்ப்பையும் ஒரே வாயில சொருகுனா, பெட்டிக்குப் போற கரண்டு ஒன் ஆம்ப்புலருந்து அவம் ஆம்ப்புக்குள்ள ஏறும், அவனோடது ஒனக்குள்ள ஏறும். பாட்டு வராது. பொகதான் வரும்."

"அப்பம் யாராச்சும் ஒருத்தர் ஒயர அவுத்து விட்டுக்கிடுதோம்க்கா" என்றேன்.

"ஒன்னோடது வால்வு ஆம்ப்பு. ஸ்பீக்கர் இல்லாம ஓடுனா உள்ள இருக்க டிரான்ஸ்பார்மர் கருகிப்போகும். அதுக்கு எப்பவும் ஒரு சொம இருக்கணும்லே."

"நா வாசிக்கும்போது அவன நிறுத்திருங்க, போதும்" என்றார் கணேசன், மீசையைத் தடவியபடி.

"ஸ்டேசன்லதான் நீ போலீசு. இங்க நீ வெறும் எட்டு ஓம். செத்த நேரம் சும்மா இரி."

நான்கு நாளில் ஒரு இரும்புப் பெட்டி தயாரானது. நடுவில் ஒரு திருகு சுவிட்ச். இடப்பக்கம் திருப்பினால் கணேசனின் ஆம்ப் ஸ்பீக்கருக்குப் போகும், சிவப்பு பல்பு எரியும். வலப்பக்கம் திருப்பினால் என்னுடையது போகும், பச்சை எரியும். யாருடைய முறை இல்லையோ, அவருடைய சத்தம் உள்ளே இருக்கும் பெரிய ரெசிஸ்டருக்குப் போய்ச் சூடாக மாறிவிடும். ஆம்ப்புக்கு ஆபத்தில்லை. ஒத்திகையின்போது அக்கா அந்தப் பெட்டியின் மேல் டீ கிளாஸை வைத்துக்கொள்வார். "கான்ஸ்டபிள் வாசிப்புல டீ ஆறவே மாட்டேங்குது" என்பார்.

சுவிட்சை மட்டும் எங்களைத் தொடவிடவில்லை. ஒவ்வொரு கச்சேரிக்கும் பிளாஸ்டிக் நாற்காலியோடு மேடையேறி, எனக்கு ஓர் அடி தள்ளி உட்கார்ந்து, அவரே திருப்புவார்.

அப்படித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். காலையில் முகூர்த்தம் முடிந்து கச்சேரி. முன்வரிசையில் பதினோரு பேர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் வீட்டார். நடுவில் செண்பகம். "கிட்டார் வாசிக்கிற பையன் வெளங்குவானா?" என்று அவளுடைய அப்பா ஏற்கெனவே இரண்டு பேரிடம் கேட்டிருந்தார்.

பாட்டைக் கணேசன் வாசிக்க வேண்டும், நடுவில் வரும் சோலோவை நான் வாசிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. சோலோ வந்தது. நான் செண்பகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

அன்றைக்கு வந்த சுகம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. ஸ்பீக்கரிலிருந்து கேட்டதெல்லாம் தேன். நம் விரலா இப்படிப் பேசுகிறது என்று எனக்கே புல்லரித்தது. முடிந்ததும் மண்டபமே கைதட்டியது. கண்ணைத் திறந்தேன்.

சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

கணேசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசித்தது அவர். என் சோலோ முழுவதையும் ரெசிஸ்டர் தின்றுவிட்டது.

சாப்பாட்டுப் பந்தி போட்டதும் அக்காவை மேடைக்குப் பின்னால் மடக்கினேன். "என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டீக? அம்புட்டுப் பேரு முன்னாடி..."

"கம்பியத் தட்டிப் பாருலே."

தட்டினேன். மூன்றாவது கம்பி சுருதியைவிட்டு எங்கோ போய்க் கிடந்தது. டிபன் சாப்பிடப் போகும்போது கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டுப் போயிருந்தேன். யாரோ இடித்து முறுக்காணி நழுவியிருக்கிறது. அந்தச் சத்தம் மட்டும் பெட்டி வழியாக வந்திருந்தால், பதினோரு பேரும் பந்திக்குக்கூட நிற்காமல் கிளம்பியிருப்பார்கள்.

"சோலோவுக்கு முன்னாடி நீ கம்பியத் தடவிப் பாத்தப்பவே சுருதி போனது தெரிஞ்சிருச்சு. சொல்லலாம்னுதான் எந்திச்சேன். அதுக்குள்ள நீ கண்ண மூடிட்ட" என்றார் அக்கா. "சுவிச்சத் திருப்பாம கான்ஸ்டபிளப் பாத்து ஒரு மொற மொறச்சேன். அவன் புரிஞ்சுக்கிட்டான்."

செண்பகத்தின் அப்பா வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்றைக்கு அவர் என் மாமனார். வீட்டுக்கு யார் வந்தாலும் அன்றைய சோலோவைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார். கணேசன் இதுவரை வாய் திறக்கவில்லை. தீபாவளி இனாம் கேட்கும்போது மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அன்றைக்குச் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். தப்பித்த சந்தோஷத்தைவிட, நான் வாசித்ததை ஒருத்தரும் கேட்கவில்லையே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது. அக்கா வந்து என் பக்கத்தில் நின்றார்.

"பெட்டியில வரலன்னா என்னலே? பக்கத்துலதான இருந்தேன். வெறுங்கம்பிச் சத்தம் எனக்கு முழுசும் கேட்டுச்சு. அந்த ஒரு கம்பியத் தள்ளிட்டுப் பாத்தா, அவன விட நீதான் நல்லா வாசிச்ச."

மறுநாள் மில்லிலிருந்து திரும்பும்போது புதுக்கம்பி வாங்கிக்கொண்டு கிட்டாரோடு அவர் கடைக்குப் போனேன். அக்கா இரண்டு கிரைண்டர்களை நகர்த்தி, நான் உட்கார்ந்து வாசிக்க ஒரு ஸ்டூலுக்கு இடம் பண்ணி வைத்திருந்தார்.