நடிப்பு கூடவே கூடாது

“மதலேனா! அந்தக் காப்பிக் கோப்பையை இவ்விடம் கொணர்வாயாக!”

“கட்!” என்று லாசரஸ் தலையில் அடித்துக்கொண்டான். “அப்பா, வீட்டில நீங்க இப்படியா காப்பி கேப்பீங்க?”

“கேமரா முன்னால பின்ன எப்படிடா கேக்குறது?” என்றார் சிலுவைராஜ்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி கோயிலில் நடக்கும் பாஸ்கா நாடகத்தில், கைகழுவித் தீர்ப்புச் சொல்லும் தேசாதிபதி பிலாத்து வேஷம் அவருக்குத்தான். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பிலாத்து வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கப் பாதிரியாருக்கே துணிச்சல் வரவில்லை.

அவஸ்தை லாசரஸுக்கு. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் சினிமா, தொலைக்காட்சி பற்றி எம்.ஏ. படிக்க விண்ணப்பித்திருந்தான். பட்டம் கையில் இருந்தது. சிபாரிசுக் கடிதங்களும் வாங்கியாயிற்று. மிச்சம் ஒரு நிபந்தனைதான்: சொந்த வீட்டின் சாதாரணப் பொழுது ஒன்றைப் பத்து நிமிடப் படமாக எடுத்து அனுப்ப வேண்டும், நடிப்பு கூடவே கூடாது. சிராங்கூன் ரோட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் நாகூர் கனியிடம் கெஞ்சிக் கூத்தாடி, கேமராவை ஒரு பகலுக்கு வாங்கி வந்திருந்தான். சாயங்காலம் அவருக்கு ஒரு நிக்காஹ் இருந்தது.

காகிதத்தில் எழுதாத நிபந்தனை ஒன்றும் இருந்தது. அது இப்போது சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. “படம் பாக்குறதுக்கு எம்.ஏ.வா? டிக்கெட் வாங்கினா போதாதா?” என்று மாதக்கணக்காகக் கேட்டுவந்தார் சிலுவைராஜ். “கவர்மென்ட் வேலைய உதறிட்டுப் போறவன நான் கைகழுவிட்டேன், அவ்வளவுதான்.” அப்பா முகம் கோண விமானம் ஏற லாசரஸுக்கு மனசில்லை. கேமரா வருகிறது என்றதும் மட்டும் அதே அப்பா சவரம் செய்து, பவுடர் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

“அந்தச் சிவப்பு லைட்டு எதுக்குடா?”

“எரிஞ்சா கேமரா ஓடுதுன்னு அர்த்தம்ப்பா. நீங்க அதப் பாக்கவே கூடாது.”

அதற்குப் பிறகு அவர் அதை மட்டும்தான் பார்த்தார். எரிந்தால் பிலாத்து, அணைந்தால் அப்பா.

சரி, அம்மாவை எடுப்போம் என்று குசினிக்குப் போனான். மதலேனா பட்டுச்சேலையும் கழுத்து நிறைய நகையுமாக மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேமராவைக் கண்டதும் ஸ்டூடியோவில் நிற்பதுபோல் விறைத்து நின்றாள்.

“அம்மா, இது போட்டோ இல்ல, வீடியோ. அசையுங்க!”

மீனைப் பிடித்த கையாலேயே லண்டனுக்கு டாட்டா காட்டினாள்.

வெளி ஆள் இருந்தால் இவர்கள் இயல்பாகப் பேசுவார்கள் என்று பக்கத்து வீட்டு ஹனீபா மாமாவையும் மைமூன் மாமியையும் அழைத்து வந்தான். அது அதைவிட மோசமாகப் போயிற்று. ஹனீபா மாமா குடியிருப்பாளர் குழுவில் பொறுப்பில் இருந்தவர். எழுந்து நின்று, “லண்டன் வாழ் பெருமக்களே! பிடோக் வட்டார மக்களின் சார்பாக...” என்று தொடங்கிவிட்டார். மைமூன் மாமி குவே பலகாரத் தட்டைக் கேமராவுக்கு நேராக நீட்டி, “எடுத்துக்குங்க, கூச்சப்படாதீங்க லா” என்றாள். இருவரையும் நன்றி சொல்லி அனுப்புவதற்குள் மதியம் போய்விட்டது.

லாசரஸுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. யாரும் பார்க்காத நேரம் சிவப்பு விளக்கின்மேல் கறுப்புப் பிளாஸ்டர் ஒட்டினான். கேமராவை டிவி மேல் வைத்து ஓடவிட்டான். பிறகு, “போச்சு! கேமரா நின்னுபோச்சு! லண்டனும் போச்சு!” என்று அலறித் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

சிலுவைராஜ் எழுந்து வந்து கேமராவைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து குசினிக்குள் போனார். பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஹனீபா மாமாவும் மைமூன் மாமியும் அவர் பின்னால் வந்தார்கள்.

ஒருவர்கூடக் கேமரா பக்கம் திரும்பவில்லை. மதலேனா பட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழைய நூல்சேலையில் வந்து, முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்தாள். மைமூன் மாமி பாதியில் கிடந்த மீனைக் கழுவப் போனாள். ஹனீபா மாமா தோளில் தட்டி, “விடு லா” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

சிலுவைராஜ் முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்தார். சொந்தக் குரலில் பேசினார்.

“டேய், காலம் பூரா கப்பல் வர்றதயும் போறதயும் எழுதிக்கிட்டே இருந்தேன். ஒண்ணுலயும் நான் ஏறினதில்ல. நீ ஏறிப் போடா. அப்பா இருக்கேன்.”

லாசரஸின் பொய் அழுகை நிஜ அழுகையாகிவிட்டது.

எல்லாரும் கலைந்தபின் கேமராவை நிறுத்தி, கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். படமும் கிடைத்தது, அப்பாவின் சம்மதமும் கிடைத்தது. வெள்ளை மனசுக்காரர்களை ஏமாற்றிவிட்டோமே என்பது மட்டும் உறுத்தியது.

நடைபாதையில் மைமூன் மாமி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“தம்பி, நல்லா வந்துச்சா?”

“எது மாமி?”

“படம்தான்! உங்கப்பா எங்களக் கூப்பிட வந்தப்பவே சொல்லிட்டாரே, ‘நின்னுபோன கேமராவுக்கு எவனாச்சும் பிளாஸ்டர் ஒட்டுவானா? அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அந்தப் பக்கம் பாக்காம இந்த ஒரு தடவ ஒழுங்கா நடிங்க, எம்புள்ள லண்டன் போவணும்’னு!”