மூன்று சைபர்

எனக்கு வாய் ஜாஸ்தி. பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் இறங்குவதற்குள், அவருடைய மச்சான் யாரோடு சண்டை, எதற்காகச் சண்டை என்பது வரைக்கும் தெரிந்துகொண்டுவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். அதனால் ஒரு நல்ல மனிதருக்கு டியூப் சொருகப் பார்த்தார்கள்.

அப்போது கள்ளக்குறிச்சியில் நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வடக்கனந்தலில் கரும்பு போட்டிருந்த என் அப்பாவுக்கு இந்தப் படிப்பில் அவ்வளவாக இஷ்டமில்லை. போதாக்குறைக்கு, சேர்ந்த இரண்டாம் மாதமே கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவி உடைத்திருந்தேன். (சுத்தம் முக்கியம் என்று அவர்கள்தானே சொன்னார்கள்?) கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் போன் போனது. "இன்னொரு வாட்டி போன் வந்துச்சுனா மூட்டையக் கட்டிக்கினு வூட்டுக்கு வந்துடு" என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான்.

எங்களுக்குப் பாடம் எடுத்த ஸ்டெல்லா மேடம் ஒரு நாள் காலை ஆஸ்பத்திரி வார்டில் என்னை ஒரே ஒரு நோயாளியிடம் விட்டார். கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிற சின்னசாமி ஐயா. வாந்தி பேதியில் வறண்டுபோய் வந்திருந்தார். உடம்புக்குள் எவ்வளவு போகிறது, சிறுநீராக எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. சின்னப்பிள்ளைகூடச் செய்யும்.

கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கை அவர் மனைவி அலமேலு அம்மாவிடம் கொடுத்து, "ஐயா ஒண்ணுக்குப் போனா இதுல பிடிச்சு வையுங்கம்மா, நான் வந்து அளந்துக்கறேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். பிறகு நிம்மதியாகப் பேச உட்கார்ந்தேன். நோயாளியிடம் அன்பாகப் பேச வேண்டும் என்று பாடத்திலேயே இருக்கிறதே. மரவள்ளிக்கு இந்த வருடம் என்ன நோய், மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு போனாள், ஆட்டுக்குட்டிக்கு என்ன பெயர், எல்லாம் பேசினோம். அந்த அம்மாவுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது.

குடித்த கஞ்சி, இளநீர், ஏறிய டிரிப்ஸ் எல்லாவற்றையும் சொட்டு விடாமல் எழுதினேன். ஒன்பது மணிக்கு ஜக்கைப் பார்த்தேன். காலி. சைபர் போட்டேன். பதினோரு மணிக்கும் காலி, சைபர். ஒரு மணிக்கும் அப்படியே. மூன்று சைபரும் முத்து முத்தான கையெழுத்தில், கோலப்புள்ளி வைத்த மாதிரி இருந்தன. "ஐயா, போனீங்களா" என்று வாயைத் திறந்து கேட்டேனா? அப்பா வயசுக்காரரிடம் அதை எப்படிக் கேட்பது என்று கூச்சம். ஜக்கு ஏன் ஒவ்வொரு தடவையும் பளபளவென்று சோப்பு வாசனை அடிக்கிறது என்றாவது யோசித்தேனா? அதுவும் இல்லை.

டாக்டர் வந்து தாளைப் பார்த்தார். உள்ளே போனது ஆயிரத்து எழுநூற்று ஐம்பது மில்லி, வெளியே வந்தது ஒன்றுமில்லை. அவர் முகம் மாறியது. "ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று ஐயாவைக் கேட்டார். ஐயா என்னைப் பார்த்தார், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கிட்னி நின்றுவிட்டதோ என்று உடனே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சிறுநீர் எடுக்க டியூப். டியூப் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான்.

டியூபைப் பார்த்ததும் ஐயா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இது எங்க போடப் போறீங்க?"

மேடம் சொன்னார்.

"எனக்கு எதுக்குங்க? காலையிலேர்ந்து நாலு வாட்டி போய்ட்டேன்."

எல்லோரும் அலமேலு அம்மாவைப் பார்த்தோம். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நான்தாங்க ஊத்திட்டு ஊத்திட்டு ஜக்கக் கழுவி வெச்சேன். பெத்த பொண்ணாட்டம் பேசிக்கினு இருக்குது. அது கையில போய் அதத் தூக்கிக் குடுக்கறதா? மனசு வரலீங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ அவரக் கேட்டியா?"

"கேக்கல மேடம்."

"ஆட்டுக்குட்டி பேரு இன்னா?"

"செல்லக்கிளி, மேடம்."

மேடம் போனை எடுத்தார்.

முக்கால் மணி நேரத்தில் அப்பா வண்டியில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டார். "பைய எட்த்துக்கினு வா" என்றார், அவ்வளவுதான். படிப்பு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"போறதுனா போகட்டும்ங்க" என்றார் மேடம். "மூணு மணி ஆவுது. இந்தக் கணக்க எழுதிட்டுப் போகட்டும்."

அப்பா வாசலில் நின்று பார்க்க, கட்டிலருகே போனேன். மெதுவாகக் கேட்க நினைத்தது பஸ் கண்டக்டர் குரலில் வந்தது. "ஐயா, ஒண்ணுக்குப் போனீங்களா? எவ்ளோ?"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஐயா கட்டிலுக்கு அடியிலிருந்து ஜக்கைத் தன் கையாலேயே எடுத்து நீட்டினார். "முந்நூறு, பாப்பா. கோட்டப் பாத்துட்டேன்."

ஜக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். சரியாக முந்நூறு. எழுதினேன்.

அலமேலு அம்மா என் அப்பாவிடம் போனார். "இருவத்தஞ்சு வருசமா குடும்பம் நடத்தறேன். காய்ச்சல் வந்தாகூட வாயத் தொறந்து சொல்லாத மனுசன் இது. இன்னிக்கு அளவோட சொல்லுது. இந்தப் பொண்ணையா கூட்டிக்கினு போறீங்க?"

அப்பா ஐயாவையும் ஜக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "பைய உள்ள வை" என்றார்.

இன்றைக்கு நான் ஒரு வார்டையே பார்த்துக்கொள்கிறேன். வெட்கமே இல்லாமல் எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்கிறேன். ஆனால் அப்பாவை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் கையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்க, தோட்டத்துப் பக்கமிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தவர், நடுக்கூடத்தில் நின்று சொன்னார்: "எரநூறு இருக்கும் பாப்பா, எழுதிக்கோ."

இப்போது என் மாமனாரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.