படுக்க மறுத்த போர்வை

போர்வை படுக்க மாட்டேன் என்றது.

பதிவறை மேசையில் விரித்தால் நடுவில் எழுந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி அதை இரண்டு கையாலும் அமுக்கினான். அமுக்கிய இடம் அடங்கியது. பக்கத்து இடம் எழுந்து நின்றது.

'மறுபடி' என்பது அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர். அவன் எழுதி அனுப்பும் கடிதங்களையெல்லாம் அதிகாரி மேடம் ஓரத்தில் "மறுபடி எழுதவும்" என்று எழுதித் திருப்பிவிடுவார். வேலையில் சேர்ந்த நாள்முதல் அந்த வாயிலிருந்து ஒரு "நல்லா இருக்கு" உதிர்ந்ததில்லை. வரும் வெள்ளிக்கிழமை மேடம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் உதிர்ந்தால் உண்டு. இல்லையென்றால் ஆயுளுக்கும் அவன் மறுபடிதான்.

மேடத்துக்குத் தையல் என்றால் உயிர். அதனால் தைத்த பரிசையே கொடுப்போம் என்ற யோசனை அவனுடையது. ஆளுக்கு மூன்று அறுகோணம்; கோக்கும் வேலையும் சேர்ந்ததால் அவனுக்கு மட்டும் ஒன்று. அடித்துணியைப் பெரிதாக வெட்டி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் சின்னதாக ஒரு பூத்துணி; அடித்துணியின் ஓரத்தை மேலே மடித்துத் தைத்துவிட்டால் துண்டு இரண்டு பக்கமும் முடிந்தது. எல்லாவற்றையும் வாங்கி ஓரத்தோடு ஓரம் கோத்தால் போர்வை. அவரவர் வீட்டில் அவரவர் வேலை. மேடத்துக்கு மூச்சுக்கூடத் தெரியக்கூடாது.

"ஒரு பக்கம் எவ்வளவு நீளம்ப்பா?" என்று கேட்டார் தலைமை எழுத்தர்.

அது ஊரிலுள்ள தராசு, படிக்கல், அளவுகோல் அனைத்தையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம். அளவுகோலுக்கா பஞ்சம்? ஆனால் அதைச் சொந்த வேலைக்கு எடுக்க மேடத்தின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். வீட்டு அளவுகோலில் முத்திரை இருக்காது என்பதால் அதை நம்பும் வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. ஆகவே மறுபடி ஒரு சுற்றறிக்கை விட்டான்: 'பக்கம் ஒன்றுக்கு நாலு விரற்கடை.'

யாருடைய விரல் என்று சுற்றறிக்கையில் இல்லை. தலைமை எழுத்தரின் விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். தட்டச்சர் அக்காவின் விரல் பென்சில்.

"அதான் எழும்புது," என்றான் மறுபடி. "பெரிசும் சிறிசும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு நிக்குது."

"தம்பி, தையலைக் குறை சொல்லாதே," என்றார் தலைமை எழுத்தர். "ராத்திரி பூரா முழிச்சு என் கையால தைச்சது."

"நான் அளவைச் சொல்றேன் சார்."

தையலில் உண்மையிலேயே குறை சொல்ல இடமில்லை. தலைமை எழுத்தர் துண்டும் டிரைவர் துண்டும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஒரே ஜாடை. தையல் எறும்பு வரிசை போல ஓடியது. இவ்வளவு கைத்திறமையை வைத்துக்கொண்டா இவர்கள் கோப்பில் காகிதத்தைக் கோணலாகக் கோக்கிறார்கள் என்று அவன் வியந்தான்.

இரண்டாவது சுற்றறிக்கை போனது: 'அனைவரும் தட்டச்சர் அக்காவின் விரலையே விரலாகக் கொண்டு மறுபடி தைக்கவும்.' அக்காவின் மேசை முன்னால் ஆளுக்கொரு நூலோடு வரிசை நின்றது.

"கையை விடுங்கய்யா, ஒரு கடிதம் அடிக்க முடியல," என்றாள் அக்கா. "பேசாம விரலைக் கழட்டி முத்திரை குத்திச் சுவத்துல மாட்டிடுங்க."

இரண்டே நாளில் புதுத் துண்டுகள் வந்து குவிந்தன. இம்மி பிசகவில்லை. மறுபடி உட்கார்ந்து மறுபடியும் கோத்தான். முதலில் கோணல் குண்டானாக இருந்தது, இப்போது கடையில் வைத்து விற்கலாம் போல லட்சணமான குண்டான் ஆகியிருந்தது.

"தலையில கவுத்துக்கோ," என்றார் டிரைவர். "மழைக்கு ஆகும்."

அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "ஏம்ப்பா, நட்டநடுவுல இருக்கறது யாரோடது?"

"என்னோடது." யோசனை சொன்னவன் என்ற முறையில் தான் தைத்த ஒற்றைத் துண்டுக்கு அந்த இடத்தை அவனே ஒதுக்கியிருந்தான்.

"அதுக்கு அஞ்சு மூலைதான் இருக்கு."

ஊரார் மூலையையெல்லாம் எண்ணியவன் தன் மூலையை எண்ணவில்லை.

"மூலை ஒண்ணு கொறஞ்சாப் பரவாயில்ல," என்றார் டிரைவர். "மூளை கொறையாம இருந்தாச் சரி."

ஆறு பேர் கைகோத்து நிற்க வேண்டிய வட்டத்தை ஐந்து பேர் இழுத்துப் பிடித்ததில்தான் போர்வைக்குக் கூன் விழுந்திருந்தது. பிரித்துத் தைக்க நேரமில்லை, விடிந்தால் விழா. ஒரு பக்கத்தில் கத்தரியை வைத்து ஆறாவது மூலையை உண்டாக்கப் பார்த்தான். மடித்த ஓரம் விட்டுக்கொடுத்தது. உள்ளே இருந்த பஞ்சு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்ததுபோல் வெளியே வந்தது. பதறிப்போய் வெட்டின வாயை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டான். குண்டானின் உச்சியில் இப்போது பிடிக்க வசதியாக ஒரு குமிழும் வந்துவிட்டது.

அக்கா பார்த்தாள். பொட்டலம் கட்டக் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

விழாவில் தலைமை எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், இது கடையில வாங்கினதில்ல. நாங்க ஒவ்வொருத்தரும் எங்க சொந்தக் கையால, கண்ணு முழிச்சு..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் ஏனோ தரையைப் பார்த்தார்கள்.

மேடம் பொட்டலத்தைப் பிரித்தார். போர்வை அவர் மடியில் எழுந்து உட்கார்ந்து, குமிழை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தது. மேடம் அதைத் திருப்பினார். தையல் தையலாக விரலால் தடவிக்கொண்டே போனவர் நடுத்துண்டில் மட்டும் கொஞ்சம் நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

கூட்டம் காபிப் பக்கம் நகர்ந்ததும் மறுபடி அருகில் போய் நின்றான்.

"மேடம்... எப்படி இருக்கு?"

மேடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் நடுத்துண்டைத் தவிர மத்தது பூராவும், 'வீட்ல கொழந்தைக்கு மேடம்'னு ஆளாளுக்குத் தனித்தனியா வந்து என்கிட்டதான்ப்பா தைச்சு வாங்கிட்டுப் போனாங்க, என் தையலை நானே நல்லா இருக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"