பெண் கேட்கப் போய் நுரை பார்த்தவர்

இஸ்தான்புல்லில் பூனைகளுக்கு அடுத்தபடியாக எங்கு திரும்பினாலும் கண்ணில் படும் ஜீவன் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் காப்பி தெரிந்தவர். பூனை வந்தால் பேசாமல் நாற்காலியில் சுருண்டு படுத்துவிடும். இவர் வந்தால் முதலில் நாற்காலியைப் பற்றிச் சொல்வார், பிறகு மேசையைப் பற்றி, பிறகு தண்ணீரைப் பற்றி, பிறகு அந்தத் தண்ணீர் வந்த குழாயைப் பற்றி, கடைசியாகத்தான் காப்பிக்கு வருவார். அதற்குள் உங்கள் காப்பி ஆறிப்போயிருக்கும், ஆறவிட்டதற்கும் உங்களைத்தான் திட்டுவார்.

இவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்கிறீர்களா? தேநீர் வந்ததும் மற்றவர்கள் குடிப்பார்கள். இவர் அந்த இடுப்பு ஒடுங்கிய கண்ணாடி டம்ளரை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நல்ல தேநீர் முயல் ரத்தத்தின் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இவர் கடைக்காரரைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இந்த முயலுக்கு ரத்த சோகையா?" என்று கேட்பார்.

போதும், இனி ஊற்ற வேண்டாம் என்றால் டம்ளர் மேல் கரண்டியைக் குறுக்கே வைத்துவிடுவது வழக்கம். இவர் உங்கள் டம்ளர் மேல் தன் கரண்டியை வைப்பார். நீங்கள் குடிக்கலாமா கூடாதா என்பது உங்கள் கையில் இல்லை.

எங்கள் மேல்வீட்டு நெஜ்மி அண்ணன் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. இருபது வருஷமாக அவருக்குக் கீழே குடியிருக்கிறேன். மோடாவில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு தேநீர்த் தோட்டம், மரத்தடியில் மேசை, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது என்று நான் ஒருநாள் வாயைத் திறந்தேன். சாவுச் செய்தி கேட்டவர்போல அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"மோடாவா? மூணு வருஷத்துக்கு முன்னாடி போயிருக்கணும்."

"சரி, பலாத்?"

"அங்க இருக்கிறவன் எல்லாம் காப்பிய படம் எடுக்கத்தான் போறான். குடிக்கிறவன ஒருத்தன காட்டு."

"குஸ்குன்ஜுக்ல அந்தப் பெரிய மரத்தடியில?"

"மரம் நல்ல மரம். காத்துதான் தப்பான பக்கத்துலேருந்து வருது."

அப்படியானால் நல்ல கடை என்று இந்த நகரத்தில் ஒன்றாவது உண்டா? உண்டு. மசாலாக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் ஒரு சந்து, பதினேழு படி ஏறினால் பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறை. அங்கே ஒரு கிழவர் கரி அடுப்பில் செப்புக் குடுவையை வைத்து, நுரை பொங்கப் பொங்கக் காப்பி போடுவாராம். "வாங்க, இப்பவே போவோம்" என்று சட்டையை மாட்டினால், "அவர் போய்ச் சேர்ந்துட்டாரேப்பா" என்பார். எனக்குத் தெரிந்து அந்தக் கிழவர் நான்கு வெவ்வேறு சந்துகளில் செத்திருக்கிறார்.

இதெல்லாம் கடையில் நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சென்ற வசந்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இந்த மனிதரை நம்பி ஒரு கல்யாணத்தை ஒப்படைத்தார்கள்.

நெஜ்மி அண்ணனின் தங்கை மெலாஹாத்துக்குப் புருஷன் இல்லை. ஒரே மகன் இல்கெர், மெட்ரோ ரயிலில் சிக்னல் பார்க்கிறான். அவனும் நெவ்ரா என்ற கால்நடை மருத்துவரும் நான்கு வருஷமாக ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். நெவ்ராவின் அப்பா ஹிக்மெத் கேப்டன், ஜலசந்தியில் பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். கரையில் இருப்பவர்கள் தேவைக்கு மேல் பேசுகிறார்கள் என்பது அவருடைய கட்சி. இரண்டு வருஷம் பிடி கொடுக்காமல் இருந்துவிட்டு, மகள் போட்ட சண்டையில் ஒருவழியாக இறங்கிவந்து, "சரி, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு, பாக்கலாம்" என்றிருந்தார். பெண் கேட்கும் வாக்கியத்தை மாப்பிள்ளை வீட்டில் மூத்த ஆண் சொல்ல வேண்டும். மூத்த ஆண் யார்? நம்ம அண்ணன்தான். கார் என்னுடையது என்பதால் நானும் போனேன்.

காரில் மெலாஹாத் அக்கா பின்சீட்டிலிருந்து கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன். காப்பியப் பத்தி ஒரு வார்த்தை பேசாத. குடி, கேளு, எந்திரி. அவ்வளவுதான்."

"நான் என்ன பச்சப்பிள்ளையா? எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியுங்கிறதுதான்ணே எனக்குப் பயமே."

இல்கெர் மடியில் பூங்கொத்தையும் சாக்லேட் பெட்டியையும் வைத்துக்கொண்டிருந்தான். பாவம், உள்ளங்கை வியர்த்துக் காகிதமெல்லாம் நனைந்துபோயிருந்தது.

ஊஸ்குதாரில் கேப்டன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். அண்ணன் பத்து நிமிஷம் நல்லபிள்ளையாக உட்கார்ந்திருந்தார், வானிலை பேசினார், முழங்கால் வலி பேசினார். எனக்கே ஆச்சரியம். அப்புறம் நெவ்ராவின் அம்மா தண்ணீர் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள், வந்தது வினை.

"இதான் முறை" என்று ஆரம்பித்துவிட்டார். "காப்பிக்கு முன்னாடி தண்ணி. வாயக் கழுவி நாக்கத் தயார் பண்ணணும். காப்பிக்கு அப்புறம் தண்ணி குடிக்கிறான் பாருங்க, அவன் காப்பி போட்டவங்க மூஞ்சியில துப்புறான்னு அர்த்தம். நாப்பது வருஷம் ஆச்சு கேப்டன், காப்பி குடிச்சதும் நான் தண்ணியத் தொட்டதில்ல."

"அப்படியா" என்றார் கேப்டன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பெண் கேட்க வந்தவர்களுக்குப் பெண்தான் தன் கையால் காப்பி போட்டுத் தருவாள். எல்லோர் கோப்பையிலும் சர்க்கரை இருக்கும். மாப்பிள்ளை கோப்பையில் மட்டும் உப்பு; பெண்ணுக்குத் துணிச்சல் இருந்தால் மிளகும் கொஞ்சம் சேரும். அவன் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டால், இவளோடு வரும் எல்லாவற்றையும் தாங்குவான் என்று கணக்கு. இது கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவருக்கும் தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

நெவ்ரா தட்டோடு வந்தாள். ஆறு கோப்பைகள். இல்கெருக்கு உரியது அவள் கட்டைவிரல் பக்கத்தில், மூலையில் இருந்தது. யாருக்காகப் போட்டாளோ அவனுக்குத்தானே அள்ளி வைப்பாள்? நுரையெல்லாம் அதில்தான் இருந்தது, பழுப்பாக, தடிப்பாக, ஒரு குமிழி உடையாமல். மூத்த விருந்தாளி என்று தட்டை முதலில் நெஜ்மி அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் கை முதல் கோப்பையைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது.

"மாமா, இத எடுத்துக்கங்க, இதான் உங்களுக்கு" என்றாள் நெவ்ரா, தட்டைத் திருப்பிக்கொண்டே.

"அசைக்காதம்மா, அசைக்காத! நுரை கலைஞ்சிடும்." அண்ணன் மூலைக் கோப்பையைத் தூக்கிவிட்டார். "இது காப்பி. மத்ததெல்லாம் சும்மா."

"அண்ணே!" என்றாள் மெலாஹாத் அக்கா.

"என்ன?"

என்ன என்று சொல்வாள்? அதில் உப்பு இருக்கிறது என்று சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்? "ஒண்ணுமில்ல" என்றாள்.

நெஜ்மி அண்ணனும் இதே ஊரில் பிறந்து, இதே மாதிரி ஒரு கூடத்தில் உப்புக் காப்பி குடித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்தான். ஆனால் நுரையைக் கண்டுவிட்டால் அவருக்கு உலகம் மறந்துபோகும். கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக, ஒரு பெரிய வாயாக உறிஞ்சினார்.

மூடிய கண் திறக்கவில்லை. காது சிவந்தது, கழுத்து சிவந்தது, மீசை தானாக நடுங்கியது. அவருக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிந்திருக்கும் என்று சத்தியம் செய்வேன். "அடடா, மாப்பிள்ளை கோப்பைய எடுத்துட்டேனே" என்று சிரித்திருந்தால் கூடமே சிரித்திருக்கும். கோப்பையும் கைமாறியிருக்கும். ஆனால் காப்பி தெரிந்தவர் தப்பான கோப்பையை எடுத்ததாக எங்கேயாவது ஒப்புக்கொள்வாரா?

"எப்படி இருக்கு காப்பி?" என்று கேட்டார் கேப்டன்.

"இதுல ஒரு... ஆழம் இருக்கு."

"ம்."

"கடலோரக் கிடங்குல வச்ச கொட்டை. உப்புக் காத்து ஏறியிருக்கு. லேசா ஒரு காரம். ஏமன்லேருந்து வர்ற கப்பல்ல மிளகு மூட்டைக்குப் பக்கத்துல அடுக்கினா இப்படி வரும். இப்பல்லாம் கெடைக்கிறதில்ல."

"எங்க தெருமுக்குக் கடையில வாங்கினது" என்றார் கேப்டன்.

"அவனுக்கே தெரியாம வந்திருக்கும்!" என்று சொல்லி, அடித்துச் சொல்வதற்காக இன்னொரு வாயும் குடித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. எதிரே டம்ளரில் குளிர்ந்த தண்ணீர். அதையே பார்த்தார். எடுக்க முடியுமா? நாற்பது வருஷக் கொள்கை, அதையும் கால் மணி நேரத்துக்கு முன்புதான் வாய் கிழியப் பேசியாகிவிட்டது. ஏமனைவிட்டு எத்தியோப்பியாவுக்குப் போனார். அங்கிருந்து சுல்தான்களின் சமையற்கட்டுக்கு வந்தார். பெண் கேட்கும் வாக்கியம் மட்டும் வரவில்லை.

என் பக்கத்தில் இல்கெர் சர்க்கரை போட்ட காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தான். நெவ்ரா சாக்லேட் நீட்டுகிற சாக்கில் குனிந்தாள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"இனிப்பு சரியா இருக்கா?"

"நெவ்ரா, நான் என்ன பண்ணுவேன், மாமா..."

"ரெண்டு வருஷம் எங்கப்பாகிட்ட உனக்காகச் சண்டை போட்டேன். நீ உங்க மாமாகிட்டேருந்து ஒரு கோப்பைய வாங்க மாட்டேங்குற. நாளைக்கு எனக்காக எத வாங்கப் போற?"

கேப்டன் காலிக் கோப்பையைத் தட்டில் வைத்து, முழங்காலில் கை ஊன்றினார். "சரி. வந்ததுல சந்தோஷம்" என்றார்.

அவர் எழுந்துவிட்டால் முடிந்தது. கேட்காத பெண்ணை யார் கொடுப்பார்கள்? இரண்டாவது தடவை இந்தக் கதவு திறக்காது என்பது மெலாஹாத் அக்காவுக்குத் தெரியும். அண்ணன் விலாவில் ஓர் இடி இடித்தாள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, "அல்லாஹ்வின் கட்டளைப்படி..." என்று ஆரம்பித்தார். மிளகு தொண்டையில் ஏறிக்கொண்டது. இருமினார் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அண்ணே, தண்ணி குடிங்க!" என்று நெவ்ராவின் அம்மா டம்ளரை நீட்டினாள்.

இருமிக்கொண்டே மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மருமகன் வாழ்க்கை போனாலும் போகட்டும், கொள்கை நிற்க வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றியிருப்பேன்.

இல்கெர் எழுந்தான். நேரே போய் மாமா கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கினான். பாதிக் காப்பி மிச்சம், அடியில் சேறுபோல மண்டி. அண்ணாந்து, அத்தனையையும் ஒரே மூச்சில், மண்டியோடு, வாயில் கவிழ்த்துக்கொண்டான். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. பல்லெல்லாம் கறுப்பு. அப்படியே கேப்டன் பக்கம் திரும்பினான்.

"அல்லாஹ்வின் கட்டளைப்படி, நபியின் வாக்குப்படி, உங்க மகள எனக்குக் கேக்குறேன். முறைப்படி மாமா கேக்கணும். அவரால முடியல. நானே கேக்குறேன்."

மாப்பிள்ளை தன் வாயால் கேட்டு நான் பார்த்ததில்லை, கேப்டனும் பார்த்திருக்க மாட்டார். அந்த நேரம் பார்த்து நெஜ்மி அண்ணனுக்கு இருமல் நின்று குரல் திரும்பியது.

"டேய் படுபாவி! மண்டியையுமாடா குடிச்ச?"

கேப்டன் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தார். "குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மெலாஹாத் அக்கா அழுதாள், நெவ்ராவின் அம்மா அழுதாள், நெஜ்மி அண்ணன் காலிக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்து, "ஒரு துளி மண்டி இல்ல, இனி எந்தக் கோலத்தப் பாத்துக் குறி சொல்றது?" என்று வருத்தப்பட்டார்.

இப்போது எந்தக் கடையில் உட்கார்ந்தாலும், அந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்ததே தான்தான் என்கிறார். காப்பியில் ஒரு சிட்டிகை உப்பு அரண்மனை வழக்கமாம். வாசகர்களே, சிரிக்கிறீர்கள். நல்லவேளை நாம் இந்த ரகம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இல்கெர் அண்ணாந்து குடித்தானே, அந்த நொடியில் நெவ்ராவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடியில் மண்டி மிச்சம் வைக்கிறானா என்று நானும் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் இவ்வளவு நேரமாக அவள் முகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.